டேப்லெட்டுக்கு மெத்தை வச்ச துணி உறை: வீட்டு கால் மிஷினில் தைக்க முடியுமா?

மலைப்பாதை டீச்சர் (பென்னாகரம்)

வணக்கம். பள்ளிக்கூட வேலைக்குக் கொடுத்த டேப்லெட் ஒண்ணு கைவசம் இருக்கு. தினமும் ஸ்கூட்டி முன்கொக்கியில பை மாட்டித்தான் எடுத்துட்டுப் போறேன். பென்னாகரம் தாண்டினா எங்க பக்கத்து ரோடு பாதி தார், பாதி ஜல்லி. பைக்குள்ள சாப்பாட்டு டப்பா ஒரு பக்கம், தண்ணி பாட்டில் ஒரு பக்கம், நடுவுல இது. திரை உடைஞ்சா பதில் சொல்ல வேண்டியது நான்தான்.

ஆன்லைன்ல ஒரு உறை வாங்கினேன். "10 இன்ச்"னு போட்டிருந்தாங்க. உள்ளே விட்டா ஒரு விரல் இடம் சும்மா கிடக்கு, லொடலொடன்னு ஆடுது. மெத்தைன்னு பேருக்கு ஒரு சன்ன ஸ்பான்ஞ். மழையில நனைஞ்சதும் ஜிப் ரன்னர் இறுகிப்போச்சு.

வீட்டுல அம்மாவோட கருப்பு கால் மிஷின் இருக்கு. ஜாக்கெட், பாவாடை, தலையணை உறை வரைக்கும் தைப்பேன். மெத்தை வச்சு எதுவும் தைச்சதில்ல. ஸ்பான்ஞ் எது வாங்கறது, எங்க கிடைக்கும்? அந்தக் கனத்தை இந்த மிஷின் தாங்குமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய சிங்கர் (கிருஷ்ணகிரி)

தாராளமா தாங்கும்மா. கருப்பு மிஷின் ஜீன்ஸ் பேன்ட் கால்மடிப்பையே ஏறி இறங்கும். இப்ப வர்ற பிளாஸ்டிக் மிஷின்தான் திணறும். ஆனா ஜாக்கெட் தைக்கிற 14-ஆம் நம்பர் ஊசியோட உக்காந்தீங்கன்னா ஊசி உடையும். 16 போடுங்க. கையிருப்புக்கு ஒரு 18-ம் வாங்கி வச்சுக்குங்க.

முதல்ல அளவு சொல்லுங்க. நீளம், அகலத்தோட கனமும் வேணும். "10 இன்ச்"ங்கிறது திரையோட மூலைக்கு மூலை அளவு. உறை தைக்க அது உதவாது. அதை மட்டும் நம்பி வெட்டினவன் உறைதான் உங்களுக்கு வந்திருக்கு.

ஓசூர் செகண்ட் ஷிப்ட்

மேடம், தப்பா நினைக்காதீங்க. ஃபோம், துணி, நூல், அலைச்சல் எல்லாம் கூட்டிப் பார்த்தா நல்ல நியோபிரீன் உறையே வாங்கிடலாம். லேப்டாப்புக்கு ரப்பர் மாதிரி இழுபடற கருப்பு உறை வருமே, அது. தண்ணியும் சட்டுனு உள்ளே இறங்காது. தைச்சு என்ன மிச்சம்?

மலைப்பாதை டீச்சர்

மிச்சம் பிடிக்க இல்ல தம்பி. என் டேப்லெட் அளவுக்குச் சரியா வேணும், அவ்வளவுதான். இன்னொண்ணு, பையில நிக்க வச்சுத்தான் கொண்டுபோறேன், அதனால கீழ்ப்பக்கம்தான் எல்லா அடியும் வாங்குது. கடை உறையில அடியில மெத்தையே கிடையாது, ஒரு தையல் மட்டும்தான்.

ஐயா, ஸ்கேல் வச்சு அளந்தேன். நீளம் 24.6 செ.மீ., அகலம் 15.8, கனம் 0.8. பின்கவர் போடாத அளவு இது.

ஓசூர் செகண்ட் ஷிப்ட்

அடியில மெத்தை இல்லைங்கிறது நியாயமான புகார். வாபஸ் வாங்கிக்கறேன். 3 மி.மீ. நியோபிரீன் கீறலுக்குத் தாங்கும், மூலை இடிச்சா ஒண்ணும் பண்ணாது.

சீட்கவர் தம்பி (காவேரிப்பட்டணம்)

அக்கா, ஃபோமுக்கு அலைய வேண்டாம். பைக் சீட் கவர் தைக்கிற எந்தக் கடைக்கும் போங்க. சோபா கடையில முழு ஷீட் வாங்கச் சொல்லுவாங்க. எங்க மாதிரிக் கடையில வெட்டின துண்டு மூலையில குவிஞ்சு கிடக்கும். உங்களுக்கு வேண்டியது ஒரு முழம் சொச்சம், அதுல கிடைச்சிடும்.

மஞ்சள் ஸ்பான்ஞ் வாங்காதீங்க. மெத்துன்னு இருக்கும், ஆனா கட்டைவிரலால அழுத்தினா விரல் தரையைத் தொட்டுடும். அப்படித் தொட்டா மெத்தை இருந்தும் இல்லாத கணக்கு. தண்ணியையும் குடிச்சு வச்சுக்கும். டிவி பெட்டிக்குள்ள வர்ற வெள்ளை ஷீட்டும் வேண்டாம், மடிச்ச இடத்துல கோடு விழுந்து அப்படியே படுத்துடும். தலையணைக்குப் போடற ரெக்ரான் பஞ்சு ஷீட் தைக்க சுகமா இருக்கும், நாள் ஆக ஆக அமுங்கிப் போகும்.

ஈ.வி.ஏ. ஃபோம்னு கேளுங்க. ரப்பர் செருப்பு அடி, பசங்க யோகா பாய் எல்லாம் அந்த ஜாதி. உள்ளே இருக்கிற குமிழ் ஒவ்வொண்ணும் தனித்தனியா மூடி இருக்கறதால தண்ணி ஏறாது. அழுத்தினா பாதி தூரம் போய் நிக்கும், விட்டா எழுந்துக்கும். 5 மி.மீ. போதும். செருப்புக்குப் போடற கெட்டி ரகத்தைத் தலையில கட்டிடப் போறாங்க, மடிச்சுப் பார்த்து வாங்குங்க. அதுக்குச் சூடு ஆகாது, மேல இஸ்திரிப் பெட்டி வச்சா உருகிடும்.

அரூர் வாசகன்

நான் துணியில் ஒரு ஊசி கோக்கவும் தெரியாதவன். மின்நூல் படிக்கும் கருவி வைத்திருக்கிறேன், அதற்காக இந்த விவாத இழையைப் படிக்க வந்தேன். என் முந்தைய கருவி ஒன்று கீழே விழாமலேயே திரை போனது. பேருந்துக் கூட்டத்தில் பை நெருக்கப்பட்டு, பைக்குள் இருந்த சாவிக்கொத்து திரையின் நடுவில் குத்தியது. துணி உறை போட்டுத்தான் இருந்தேன். வெளியில் ஒரு கீறல்கூட இல்லை, உள்ளே பாதித் திரை கோடு கோடாக உறைந்துவிட்டது.

இந்த மின்தாள் திரைகளில் பெரும்பாலானவற்றின் அடியில் சன்னக் கண்ணாடித் தகடு ஒன்று இருக்கிறது. ஓரிடத்தில் குத்தும் அழுத்தமும் முறுக்கலும் அதற்கு ஆகாது. மென்மையான மெத்தை குத்தை அப்படியே உள்ளே கடத்திவிடும். ஆகவே திரைப் பக்கம் விறைப்பான ஒரு பலகை வேண்டும் என்பது என் கருத்து. ஃபோம் மட்டும் போதாது.

பழைய சிங்கர்

பலகையா? நல்லா இருக்கு சார். அட்டை வச்சா மழையில ஊறி நைஞ்சுபோகும், பிளாஸ்டிக் வச்சா அதோட ஓரம் துணியை அறுத்துட்டு வெளியே வரும். நாற்பது வருஷத் தொழில்ல சட்டைக் காலருக்கு வைக்கிற பக்ரமே மூலையில துணியைக் கிழிச்சுப் பார்த்திருக்கேன்.

அரூர் வாசகன்

மூலையை வளைத்து வெட்டினால்?

சீட்கவர் தம்பி

சிங்கர் ஐயா சொல்றதும் சரி, சார் சொல்றதும் சரி. விளம்பர போர்டு அடிக்கிறாங்களே, உள்ளே குழல் குழலா இருக்கிற சன்பேக் ஷீட். தேர்தல் முடிஞ்சா தெருவுல கிடக்கும். 3 மி.மீ. கனம், நனைஞ்சாலும் ஒண்ணும் ஆகாது. பிளேடால வெட்டி, நாலு மூலையையும் ஒரு ரூபா காசு வச்சு வளைச்சு, ஓரத்தை உப்புத்தாள்ல தேய்ச்சு, சுத்தி ஒரு வரி டேப் ஒட்டிடுங்க. துணியை அறுக்காது.

பழைய சிங்கர்

டேப் ஒட்டினா ஒத்துக்கறேன். ஆனா உள்ளே வச்சு நிரந்தரமா தைக்காதீங்க. லைனிங்ல ஒரு பாக்கெட் மாதிரி விட்டு, அதுல சொருகணும். துவைக்கும்போது உருவி எடுத்துடலாம்.

சரி டீச்சர், இப்ப வெட்டு அளவு. ஒரு பேப்பர் எடுத்துக்குங்க.

உள்ளே விடற பொருளோட அகலத்துல அதோட கனத்தைக் கூட்டணும். 15.8-உம் 0.8-உம் 16.6. பலகைக்கும் கை போக வரவும் அரை செ.மீ. விட்டா 17.1. இது லைனிங் தைச்சு முடிச்ச அகலம். ரெண்டு பக்கமும் தையலுக்கு ஒவ்வொரு செ.மீ. விட்டா வெட்டு அகலம் 19.1. அடியில தையல் போடாம ஒரே துணியை மடிச்சுத் தைங்க. 24.6 ரெண்டு தடவை, அடியில கனம் 0.8, கை போக வர 1, வாய்க்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு செ.மீ. மொத்தம் 53. அதாவது லைனிங் துணி 53-க்கு 19.1.

வெளித்துணியையும் இதே அளவுல வெட்டினா எல்லாம் நாசம். இதுதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடற இடம். நடுவுல 5 மி.மீ. ஃபோம் இருக்கு, வெளித்துணி அதைச் சுத்தி வரணும். உள்வட்டத்தை விட வெளிவட்டம் பெருசு. ஃபோமோட கனத்தை 3.14-ஆல பெருக்குங்க, ஏறக்குறைய ஒன்றரை செ.மீ. வரும். அகலத்துல அவ்வளவு கூட்டுங்க, நீளத்துலயும் அவ்வளவு கூட்டுங்க. வெளித்துணி 54.5-க்கு 20.6. ஒரே அளவுல வெட்டினா லைனிங் உள்ளே சுருண்டு மடிப்பு மடிப்பா நிக்கும், டேப்லெட் பாதி வழியில சிக்கும். அப்புறம் மெஷினைத் திட்டிட்டு இருப்பாங்க.

ஃபோமுக்குத் தையல் விடவே கூடாது. 18 அகலம், 52 நீளம். அப்படி வெட்டினா பக்கத் தையல்ல ஊசி ஃபோமைத் தொடவே தொடாது. வீட்டு மிஷின் தாங்குமான்னு கேட்டீங்களே, தாங்க வேண்டிய அவசியமே வராது. ஜீன்ஸ் துணி ரெண்டு மடிப்பு, அவ்வளவுதான் அதுக்கு வேலை.

அடியில அடி விழுதுன்னு சொன்னதால மடிப்பு வர்ற இடத்துல மட்டும் 3 செ.மீ. அகலத்துல இன்னொரு ஃபோம் பட்டை வச்சு ஒட்டுங்க. அது வைக்கிறதா இருந்தா டேப்லெட் அரை செ.மீ. மேல ஏறி உக்காரும். அதுக்கு வெளித்துணி நீளத்துலயும் ஃபோம் நீளத்துலயும் ஒரு செ.மீ. கூட்டிக்கணும்.

மத்தூர் மாந்தோப்பு

ஐயா 3.14 வரைக்கும் போயிட்டாரு. எங்க பள்ளிக்கூடத்துல இப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தா நானும் பாஸ் ஆயிருப்பேன்.

ஓசூர் செகண்ட் ஷிப்ட்

அந்த அடிப்பட்டையோட ரெண்டு கீழ் மூலையையும் கவனிங்க. நான் வேலை பார்க்கிற இடத்துல பார்ட்ஸ் வர்ற பெட்டியைப் பார்ப்பேன். பக்கவாட்டுல சன்னமாத்தான் வச்சிருப்பாங்க, எட்டு மூலைக்கும் மட்டும் தடிச்ச கட்டை இருக்கும். பொருள் விழறப்போ தட்டையா விழறது அபூர்வம், பெரும்பாலும் மூலைதான் முதல்ல தரையைத் தொடும். முழு எடையும் அந்தச் சின்னப் புள்ளியில இறங்கும். மூலைக்குள்ள ஒரு துண்டு ஃபோமை முக்கோணமா வெட்டி வச்சா நல்லது.

மூடிக்கு மேக்னட் பட்டன் வைக்கப் போறீங்கன்னா யோசிங்க. நிறைய டேப்லெட்ல ஃபிளிப் கவர் மூடினா திரை தானா அணைய ஒரு சென்சார் இருக்கும், அது காந்தத்தைப் பார்த்துத்தான் வேலை செய்யும். உறையோட பட்டன் அதுக்கு நேரா வந்தா பைக்குள்ளேயே எரிஞ்சு அணைஞ்சு விளையாடிட்டு இருக்கும். டேட்டா எல்லாம் போகாது, பயப்பட வேண்டாம். சார்ஜ்தான் போகும்.

மத்தூர் மாந்தோப்பு

பாலியஸ்டர் துணியில சட்டுனு ஷாக் அடிக்குமே, அது டேப்லெட்டைக் கெடுக்காதா? எலக்ட்ரானிக்ஸ் பொருளை ரோஸ் கலர் கவர்லதானே போட்டுத் தர்றாங்க?

ஓசூர் செகண்ட் ஷிப்ட்

ரோஸ் கவர் போடறது கூடு இல்லாத வெறும் போர்டுக்கும் சில்லுக்கும். டேப்லெட் ஏற்கனவே ஒரு கூட்டுக்குள்ள இருக்கு. உங்க சட்டைப் பையில போன் போடறீங்களே, அந்தச் சட்டை பாலியஸ்டர்தானே?

பர்கூர் ஜவுளி

துணி பத்தி யாருமே பேசலியே! எங்க பர்கூர்ல வந்து நின்னா பார்க்கிற பக்கமெல்லாம் ஜவுளிக்கடை, சூரத் சரக்கு லாரி லாரியா இறங்குது. டீச்சருக்கு ஆசை வந்து வழவழன்னு சாட்டின் எடுத்துடப் போறாங்கன்னுதான் ஓடி வந்தேன்.

வெளியே பழைய ஜீன்ஸ் காலே போதும். இல்லைன்னா ஸ்கூல் பேக் தைக்கிற மேட்டி துணி கேளுங்க, அதோட பின்பக்கம் ஒரு பூச்சு இருக்கும், சாரல் தாங்கும். ரெக்ஸின் வெளியே போடலாம், உள்ளே போடவே கூடாது. சித்திரை வெயில்ல ரெக்ஸின் பிசுபிசுக்கும், திரையில ஒட்டிக்கும்.

உள்ளே லைனிங்குக்கு எல்லாரும் வெல்வெட்னு சொல்லுவாங்க. தொட்டா நல்லாத்தான் இருக்கும். ஆனா நம்ம பக்கத்துத் தூசியை நினைச்சுப் பாருங்க. கிரானைட் லாரி போற ரோட்டுல ஒரு நாள் போயிட்டு வந்தா துப்பட்டாவை உதறினாலே மாவு மாதிரி கொட்டும். வெல்வெட்டோட மயிருக்குள்ள அந்தத் தூசி உக்காந்துடுச்சுன்னா எடுக்கவே முடியாது. தினமும் டேப்லெட் உள்ளே போய் வெளியே வர, அதுவே உப்புத்தாள். நெருக்கமா நெசவு பண்ணின பழைய காட்டன் வேட்டி, துவைச்சுத் துவைச்சு மெத்துன்னு ஆனது, அதை விட நல்ல லைனிங் கிடையாது. உள்ளே வெளியே புரட்டி உதறினா தூசி போயிடும். பனியன் துணி வேண்டாம், இழுபட்டுத் தொங்கும்.

அரூர் வாசகன்

தூசி பற்றிச் சொன்னது முக்கியம். கிரானைட்டில் குவார்ட்ஸ் கலந்திருக்கிறது. மோ அளவுகோலில் அதன் கடினம் 7. திரைக் கண்ணாடி 6-க்கு அக்கம்பக்கம். சாவியின் இரும்பு விடாத கீறலை இந்தத் தூசி விடும்.

மலைப்பாதை டீச்சர்

அப்பாவோட வேட்டி ஒண்ணு இருக்கு, கரை கிழிஞ்சது. அதையே எடுத்துக்கறேன். ஜீன்ஸ் தம்பியோடது. மூடிக்கு ஜிப்பா, வெல்க்ரோவா? ஜிப் வச்ச உறையாலதான் இவ்வளவு பாடு, அதனால கேக்கறேன்.

பழைய சிங்கர்

ஜிப் வேண்டாம். வாயில ஃபோம் இருக்கறப்போ ஜிப் வைக்கிறது பழகின கைக்கே சள்ளை. டேப்லெட் போகும்போதும் வரும்போதும் பல்லுல உரசும். உறை மேல ஒரு மூடி வந்து முன்பக்கம் விழற மாதிரி வைங்க, தபால் கவர் மாதிரி. மழையும் நேரா உள்ளே இறங்காது.

பர்கூர் ஜவுளி

வெல்க்ரோ வைக்கிறதா இருந்தா சொரசொரப்பான பக்கத்தை மூடியில வச்சிடாதீங்க, திறந்து உள்ளே விடறப்போ திரையில படும். சொரசொரப்பு உறையோட முன்பக்கம், வெளியே. மெத்து மூடியில. அப்புறம் டீச்சர், வகுப்புல அதைப் பர்ருனு பிரிச்சா மொத்தப் பிள்ளைங்களும் திரும்பிப் பார்க்கும், பரவாயில்லையா?

சீட்கவர் தம்பி

சத்தம் வேண்டாம்னா எலாஸ்டிக் நாடா ஒண்ணும் பெரிய பொத்தான் ஒண்ணும் போதும். ஜிப்தான் வேணும்னு நிக்கிறவங்க 3-ஆம் நம்பர் வாங்காம 5-ஆம் நம்பர் வாங்குங்க, உள்பக்கம் ஒரு துணிப்பட்டை தடுப்பா வைங்க.

மலைப்பாதை டீச்சர்

வேலை ஆரம்பிச்சாச்சு. ஃபோம் சீட் கவர் கடையில காசு வாங்காமலே கொடுத்தாங்க, பலகையும் வெட்டி டேப் ஒட்டிட்டேன். சிங்கர் ஐயா சொன்ன அளவுல எல்லாம் வெட்டி, ஃபோமை எஸ்.ஆர். பசை போட்டு ஜீன்ஸ் உள்பக்கம் ஒட்டினேன். பக்கத் தையல் போடறப்போ பாதி வரைக்கும் அழகா போச்சு, அப்புறம் தையல் விட்டு விட்டு விழுது. நாலு தையல் பிடிக்குது, ரெண்டு பிடிக்கல. நூலும் பிஞ்சு பிஞ்சு வருது. ஊசி புதுசு, 16-தான். பாபினையும் திருப்பிப் போட்டுப் பார்த்துட்டேன்.

பழைய சிங்கர்

ஊசியைக் கழட்டி விரல்ல தடவிப் பாருங்க. பிசுக்குன்னு இருக்கா?

மலைப்பாதை டீச்சர்

ஆமாங்க ஐயா! ஊசிக் கண்ணுல கருப்பா ஏதோ உருண்டை ஒட்டியிருக்கு.

பழைய சிங்கர்

பசைதான். அது ரப்பர் பசை. துணி ஓரம் வரைக்கும் தடவியிருப்பீங்க, ஊசி அதுல குத்திக் குத்தி இழுத்துட்டு வருது. ஊசிக் கண்ணுல பசை ஏறினா நூல் வழுக்காது. கீழ போய் மேல வர்றப்போ நூல் ஒரு வளையமா நிக்கணும், அதைத்தான் கொக்கி பிடிக்கும். பசை இருந்தா வளையம் நிக்காது, தையல் தாவும். மிஷின் மேல ஒரு குத்தமும் இல்ல.

தின்னர்ல துணியை நனைச்சு ஊசியைத் துடைங்க. தின்னர் வாசத்துக்கு ஜன்னலைத் திறந்து வச்சுக்குங்க, விளக்கு பக்கத்துல வேண்டாம். தையல் போற தடத்துல இருக்கிற பசையை விரலால உருட்டியே எடுத்துடலாம், முழுசா காய்ஞ்சா அழுக்கு மாதிரி உருண்டு வரும். இனிமே பசையை ஃபோமோட நடுவுல மட்டும் தடவுங்க, ஓரத்துல ஒரு விரல் அகலம் சும்மா விடுங்க. அது நகராம இருந்தாப் போதும், கெட்டியா பிடிக்கத் தேவையில்லை. ஒட்டினதும் உடனே தைக்காதீங்க. ராத்திரி ஒட்டினா காலையில தைங்க.

தையல் நீளத்தையும் கூட்டுங்க. ஜாக்கெட்டுக்கு வைக்கிற பொடித் தையல் வச்சா ஜீன்ஸ்ல ஓட்டை வரிசையா விழுந்து தபால் தலை மாதிரி கிழியும். 3-லிருந்து மூன்றரை மி.மீ. நூல் பாலியஸ்டர் போடுங்க. மிஷின் தலைக்கு மேல இருக்கிற அழுத்தத் திருகை அரைச் சுத்து தளர்த்தினா பாதம் துணியை நசுக்காம நகர்த்தும்.

சூளகிரி தன்னார்வலர்

நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும். நான் மக்களைத் தேடி மருத்துவத்துல வீடு வீடா போற வேலை. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி அந்தத் திட்டத்தை எங்க கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியிலதான் தொடங்கி வச்சாங்க. எங்க கையில பி.பி. மிஷின், சர்க்கரை பார்க்கிற மிஷின், போன் மூணும் இருக்கும். இதே மாதிரி ஒரே உறையில மூணையும் வைக்க முடியுமா?

பழைய சிங்கர்

முடியும், ஆனா இந்த மாதிரித் தட்டை உறை சரிவராது தாயி. பி.பி. மிஷின் கட்டைமாதிரி இருக்கும், அதுக்கு அடியும் பக்கமும் தனித்தனியா வெட்டின பெட்டிப் பை வேணும். கைப்பட்டியோட குழாய் மடியாம சுருட்டி வைக்க தனி அறை விடுங்க, மடிஞ்ச இடத்துல ரப்பர் வெடிக்கும். தனி இழை போடுங்க, நான் வர்றேன். இங்க டீச்சர் தையலை நடுவுல விட்டா அவங்க மறந்துடுவாங்க.

மலைப்பாதை டீச்சர்

மறக்கல ஐயா. ஊசி துடைச்சதும் தையல் பழையபடி ஓடுது. வெளிக்கூடு திருப்பிட்டேன். இப்ப லைனிங்கை எப்படிச் சேர்க்கறது? யூடியூப்ல லைனிங்ல ஒரு சந்து விட்டு, மொத்தத்தையும் அது வழியா திருப்பறாங்க.

பழைய சிங்கர்

சன்னத் துணிக்கு அது சரி. ஃபோமையும் ஜீன்ஸையும் அந்தச் சந்து வழியா இழுத்தா ஒட்டினது பிரியும். வெளிக்கூடு நேர்ப்பக்கமா நிக்கட்டும். லைனிங்கைத் திருப்பாம அப்படியே உள்ளே இறக்குங்க, ரெண்டோட பின்பக்கமும் ஒண்ணை ஒண்ணு பார்க்கும். மூடியைப் பின்பக்க வாயோரத்துல வச்சு பின் குத்துங்க. வாயைச் சுத்தி க்ராஸ் பட்டி (துணியைச் சாய்வா வெட்டின பட்டி) வச்சு மடிச்சுத் தைச்சா எல்லா ஓரமும் அதுக்குள்ள போயிடும். ஜாக்கெட் கழுத்துக்குப் பைப்பிங் வைக்கிற கைதானே உங்களுது, இது அதை விடச் சுலபம். பக்கத் தையல் மேல வர்ற இடத்துல மட்டும் காலை எடுத்துட்டு சக்கரத்தைக் கையால சுத்துங்க.

அரூர் வாசகன்

ஒன்று கேட்க வேண்டும். இவ்வளவு மெத்தைக்குள் வைத்தால் சூடு தேங்காதா? தருமபுரி வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டுப் போனால் இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டி அடுப்பாகிவிடும்.

ஓசூர் செகண்ட் ஷிப்ட்

அணைச்சு வச்ச டேப்லெட் தானா சூடாகாது, அதனால வெயில் வேகமா ஏறாம இருக்க ஃபோம் கொஞ்சம் உதவக்கூடச் செய்யும். ஆனா மணிக்கணக்கா நின்னா உள்ளேயும் அதே சூடுதான். ஐபேடுக்கு ஆப்பிள் கொடுத்திருக்கிற கணக்கு, பயன்படுத்த 0 முதல் 35 டிகிரி, சும்மா வைக்க 45 வரைக்கும். சீட்டுக்கு அடியில நம்ம ஊர் மே மாசம் அதைச் சுலபமா தாண்டும். சார்ஜ் போட்டபடி உறைக்குள்ள வைக்கவே வைக்காதீங்க. வீடியோ ஓடிட்டு இருக்கறப்போ அப்படியே சொருகறதும் வேண்டாம்.

மலைப்பாதை டீச்சர்

முடிஞ்சது! படம் போட்டிருக்கேன் பாருங்க. முன்பக்கம் ஜீன்ஸோட பின்பாக்கெட்டை அப்படியே விட்டுட்டேன், பேனாவும் சார்ஜர் வயரும் அதுல. எலாஸ்டிக்கும் அம்மா ஸ்வெட்டர்ல இருந்து கழட்டின மரப் பொத்தானும் போட்டேன். டேப்லெட் உள்ளே போறப்போ காத்து மெதுவா வெளியே வர்ற சத்தம் கேக்குது, அவ்வளவு கச்சிதம். தலைகீழா பிடிச்சு உதறினாலும் நகரல. வாய்ப்பட்டி ஒரு பக்கம் லேசா கோணல்.

பர்கூர் ஜவுளி

பொத்தான் அழகு. கோணல் எங்க இருக்குன்னு தேட வேண்டியிருக்கு.

பழைய சிங்கர்

இடது மூலையில. பட்டியை இழுத்துப் பிடிச்சுத் தைச்சிருக்கீங்க. க்ராஸ் பட்டியை வளைவுல இழுக்கக் கூடாது, அதுவா படியணும். பிரிக்க வேண்டாம், நல்லாத்தான் இருக்கு.

மத்தூர் மாந்தோப்பு

டீச்சர், அக்கா பையனுக்கு ஒண்ணு தைச்சுத் தருவீங்களா? கூலி என்ன ஆகும்?

மலைப்பாதை டீச்சர்

பள்ளிக்கூடத்துல கூட வேலை செய்யறவங்களே கேட்டு வச்சிருக்காங்க, அதுக்கே வர்ற லீவு சரியாப் போகும். அளவு எல்லாம் மேலேயே இருக்கு தம்பி, பக்கத்துத் தையல் கடையில காட்டுங்க. ஐயா, இதைத் துவைக்கிறது எப்படி?

பழைய சிங்கர்

பலகையை உருவிட்டு, பச்சைத் தண்ணியில சோப்புத்தூள் கொஞ்சம் போட்டு மேலாகக் கசக்குங்க. பிரஷ் போடாதீங்க, முறுக்கிப் பிழியாதீங்க, வாஷிங் மெஷின்ல போட்டா பசை விட்டுடும். கையால அமுக்கித் தண்ணியை வடிச்சுட்டு நிழல்ல வாயைத் திறந்து கவுத்து வைங்க. வேட்டித் துணி சீக்கிரம் காயும், ஜீன்ஸ் மடிப்புக்குள்ள ஈரம் நிக்கும். விரலை உள்ளே விட்டு அடிவரைக்கும் தொட்டுப் பார்த்துட்டு டேப்லெட்டை வைங்க.